சாமித்துணிக்கு இஸ்திரி

இஸ்திரி அக்காவுக்குச் சாமியிடம் பெரிய குறை எதுவும் கிடையாது. மகளை நல்ல இடத்தில் கட்டிக்கொடுக்க வைத்தார். புருஷனுக்கு வந்த மஞ்சள் காமாலையை விரட்டியடித்தார். கடைக்கு எதிரே பளபளவென்று திறந்த லாண்டரியை வந்த சுவடு தெரியாமல் மூட வைத்தார். இந்தக் கடைசிக் காரியத்துக்கு மட்டும் அவள் வேண்டிக்கொள்ளவே இல்லையாம், சாமியாகப் பார்த்துச் செய்ததாம். சரி, நாமும் நம்பிவிட்டுப் போவோம். அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஓர் உறுத்தல்தான். சாமிக்கு முன்னால் தொங்குகிற துணி கசங்கியிருந்தது.

கொஞ்சநஞ்சக் கசங்கல் இல்லை. கோயில் உள்ளறை வாசலில் மேலிருந்து தரை வரைக்கும் தொங்குகிற வெள்ளைத் துணி அது. வெள்ளிக்கிழமை வழிபாடு தொடங்கும்போது ஒதுக்கிக் கட்டுவார்கள், முடிந்ததும் இழுத்துவிடுவார்கள். சாமித்துணி என்று பெயர். அதன் இடது மூலையில் கிளம்பி வலது ஓரம் வரைக்கும் போகும் ஒரு சுருக்கம். போகிற வழியில் குட்டி குட்டியாக இன்னும் பத்துச் சுருக்கம். துணியை ஒதுக்குமுன் மற்றவர்கள் கண்ணை மூடிக் கும்பிடுகிற நேரத்தில் அக்கா கண்ணை அகலத் திறந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். "பேங்க் மேனேஜர் சட்டைக்குக் கத்தி மாதிரி மடிப்பு, படைச்சவனுக்குக் கந்தலா?" என்று வீட்டுக்கு வந்து புருஷனிடம் பொருமுவாள்.

பொருமுவதற்கு அவளுக்கு உரிமை உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில் இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தவள், ஐம்பது தாண்டியும் கீழே வைக்கவில்லை. கடை என்றால் ஒரு ஷட்டர் அகலம்தான். நடுவில் மேஜை, அதன்மேல் நாலாக மடித்த கம்பளி, அதற்குமேல் பழைய படுக்கை விரிப்பு. தண்ணீர் தெளிக்க, மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாட்டில். கரண்டில் ஓடுகிற பெட்டிதான், ஆனாலும் அசல் கனம். புதிதாகத் தூக்குகிறவனுக்குத் தோள்பட்டை இறங்கிவிடும். பக்கத்து ஷட்டர் அவள் புருஷனுடைய சைக்கிள் ரிப்பேர் கடை. அவர் பஞ்சர் ஒட்டிய கையோடு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் போதும், "அங்கயே நில்லுங்க!" என்று ஒரு சத்தம் வரும். அவரும் அங்கேயே நின்றுவிடுவார். நல்ல மனுஷன்.

சாமித்துணியைத் தேய்த்துக் கொடுக்கிறேன் என்று அவள் கேட்காமல் இருந்தாளா? வந்த வருஷமே கேட்டாள். துணியைத் துவைத்து மடிக்கிற பொறுப்பு அப்போது துணிப் பெரியம்மாவிடம் இருந்தது. மாதம் ஒருமுறை அவர் அதை உள்ளறையிலேயே அலசி, உள்ளேயே கொடி கட்டிக் காயவைப்பார். ஏனென்றால் சாமித்துணி கோயில் வாசலைத் தாண்டக் கூடாது. காய்ந்ததும் மடித்து, மேலே ஒரு மரப்பலகையை வைத்து, பலகைமேல் தானே ஏறி உட்கார்ந்துகொள்வார். அதுதான் இஸ்திரி! பாரம் எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கம் சுருக்கம். இதைக் கேள்விப்பட்ட அன்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

"பெரியம்மா, நான் தேச்சுத் தரட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

பெரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு மாசாமாசம் வருதில்ல?"

"வருது."

"நின்னதுக்கப்புறம் வா."

அவ்வளவுதான் பேச்சு. சாமித்துணியைத் தொடுகிற பெண்ணுக்கு மாதவிலக்கு அடியோடு நின்றிருக்க வேண்டும் என்பது அந்தக் கோயில் வழக்கம். யார் ஏற்படுத்தினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆண்கள் தொடலாமா என்று கேட்டால், அவர்கள் எதற்குத் துவைக்கப் போகிறார்கள் என்று பதில் வரும். அதுவும் நியாயம்தான்! ஆக, மற்றப் பெண்கள் எல்லாம் நிற்கப் போகிறதே என்று கவலைப்படுகிற விஷயத்துக்கு இஸ்திரி அக்கா இருபத்துச் சொச்சம் வயதிலிருந்தே வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தாள். வயசாக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே மனுஷி அந்த ஊரில் அவளாகத்தான் இருப்பாள்.

இதற்கு நடுவில் பின்னறை என்று ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

மாதவிலக்கு நாட்களில் இருக்கிற பெண்கள் கோயில் ஹாலுக்குள் வரக்கூடாது. ஆனால் வழிபாட்டைக் கேட்கலாம். அதற்காகக் கோயிலுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஓர் அறை. இரண்டு பாய், ஒரு ஜன்னல், ஹாலில் நடப்பதைக் கேட்க சுவரில் ஒரு ஸ்பீக்கர். முதல் தடவை போகும்போது புதுப்பெண்ணான அக்காவுக்குக் கூசிப்போனது. எல்லாரும் முன்வாசலில் நுழைய, தான் மட்டும் சந்து வழியாகத் தலையைக் குனிந்துகொண்டு போவதாவது! கதவைத் திறந்தால் உள்ளே சிரிப்புச் சத்தம். கண்டக்டரம்மா அங்கே கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவள், குரல் அடுத்த ஸ்டாப் வரைக்கும் கேட்கும். கோயில் தலைவர் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவாரே, அதை அப்படியே செய்து காட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டீச்சரம்மா, பள்ளிக்கூடத்தில் புன்னகைகூடச் செய்யாதவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டாள்.

"வா வா, புதுசா? உட்காரு. இங்க ஒரு வேலையும் கிடையாது," என்றாள் கண்டக்டரம்மா.

அந்த ஒரு வார்த்தையில் எல்லாமே இருந்தது. ஹாலில் பெண்களுக்கு வழிபாடு என்றால் வேலை. பாய் விரி, விளக்கைத் துடை, ஆண்களுக்குத் தண்ணீர் கொடு, அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போ, கடைசியில் ஹாலைக் கூட்டித் துடை. சாமியை நிமிர்ந்து பார்க்க நேரம் ஏது? பின்னறையிலோ எதையும் தொடக்கூடாது. எதையும் தொடக்கூடாதவளிடம் யார் வேலை சொல்வார்கள்? வாரம் முழுக்க நின்றே ஓய்ந்த கால்களை நீட்டிக்கொண்டு, பிளாஸ்கில் இருந்து டீயை ஊற்றிக் குடித்துக்கொண்டு, ஸ்பீக்கரில் வருகிற பாட்டோடு சேர்ந்து பாடலாம். ஸ்பீக்கர் பாதியில் கரகரவென்று நின்றுபோனால் இன்னும் நல்லது. அவர்கள் பாட்டுக்குத் தங்கள் இஷ்டத்துக்கு வேகத்தைக் கூட்டிப் பாடி முடிப்பார்கள்.

வெறும் சிரிப்பு மட்டும் இல்லை. புருஷன் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது அக்கா ஹாலில் தண்ணீர்க் குடத்தோடு நின்றாளே தவிர, அவளால் அழ முடியவில்லை. அடுத்த வாரம் பின்னறையில் கண்டக்டரம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. டீச்சரம்மா மெல்ல ஒரு பாட்டை எடுத்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். சாமி தன் தலைமேல் கை வைத்தது அன்றைக்குத்தான் என்று அக்கா இன்றைக்கும் அடித்துச் சொல்வாள். எங்கே வைத்தார் பாருங்கள், உள்ளறையில் இல்லை, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில்.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அப்படிக் கழியும். வருஷங்கள் ஓடின. ஒருநாள் டாக்டரம்மா, "நின்னுபோச்சும்மா, இனிமே வராது," என்று சொன்னாள். அக்கா ஆஸ்பத்திரியில் இருந்து வீடு வரைக்கும் காலே தரையில் பாவாமல் நடந்தாள். அவளுக்கும் சாமித்துணிக்கும் இடையே இருந்த ஒரே தடை விலகிவிட்டது அல்லவா? புருஷன் சைக்கிள்காரரும் சந்தோஷப்பட்டார்.

"அப்ப இந்த வெள்ளிக்கிழமையே போய்ச் சொல்லிடு."

"சொல்றேன், சொல்றேன்," என்றாள்.

சொன்னாளா? இல்லை! அந்த வாரம் ஹாலைத் துடைத்தாள். அடுத்த வாரமும் துடைத்தாள். அதற்கடுத்த வாரம் கோயிலுக்குப் போனவளின் கால், யாரோ பிடித்துத் திருப்பியது போலச் சந்துக்குள் திரும்பிவிட்டது. பின்னறைக் கதவைத் திறந்தாள். "வந்தாச்சா!" என்று கண்டக்டரம்மா கத்தினாள். அக்கா ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து காலை நீட்டினாள். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டாள். அப்புறம் மாதம் தவறாமல் ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கு 'அந்த நாள்' வந்துகொண்டே இருந்தது. உடம்பு மறந்துவிட்டதை மனசு ஞாபகமாக நடத்தியது.

"ஏன்டி, சாமியையே ஏமாத்துறியா?" என்று புருஷன் பயந்தே போய்விட்டார்.

"சாமிக்குத் தெரியாதா? அவருக்குத் தெரிஞ்சுதான் விட்டு வெச்சிருக்காரு. நான் ஏமாத்துறது தலைவரை."

வாய் இப்படிப் பேசினாலும் உள்ளுக்குள் குறுகுறுத்தது. பெரியம்மாதான் இன்னும் திடமாக இருக்கிறாரே, அவர் இருக்கும்வரை துணி நமக்கு வரப்போவதில்லை, அதுவரை பின்னறையில் சிரித்துவிட்டுப் போவோமே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இரண்டு வருஷத்துக்கு மேல் அந்தச் சமாதானம் தாங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை பெரியம்மாவால் பலகை மேலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. நாலு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. முழங்கால் போய்விட்டது. வழிபாடு முடிந்ததும் தலைவர் வீட்டம்மா மைக்கைப் பிடித்தார். "துணிப் பொறுப்புக்கு இனிமே வேற ஆள் வேணும். தகுதி இருக்கிறவங்க அடுத்த வாரம் எழுந்து நில்லுங்க," என்றார்.

கேட்ட மாத்திரத்தில் மளிகைக்கடை அம்மாவின் தோள் நிமிர்ந்ததை அக்கா பார்த்தாள். மளிகைக்கடை அம்மா நல்லவள்தான், பக்தி உள்ளவள்தான். ஆனால் எதை மடித்தாலும் அது பொட்டலமாகத்தான் வரும். கைக்குட்டையை மடித்தால்கூடக் கால் கிலோ பருப்பு கட்டியது போல இருக்கும். அவள் கையில் சாமித்துணி!

அந்த வாரம் முழுக்க அவளுக்குக் கடை வேலையில் புத்தி நிற்கவில்லை. ஒரு வாடிக்கையாளரின் சட்டையை ஒரே பக்கம் இரண்டு தடவை தேய்த்துக் கொடுத்துவிட்டாள். எழுந்து நின்றால், போன மாதம் பின்னறையில் இருந்தாயே என்று கேட்பார்கள். இத்தனை நாள் கோயிலுக்குள்ளேயே பொய் சொன்னவள் என்று ஊர் சிரிக்கும். நிற்காவிட்டால், சாகிறவரை பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு சாமி கும்பிட வேண்டும்.

"என்னதான் பண்ணப்போற?" என்றார் சைக்கிள்காரர்.

"தெரியலையே! தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் கத்துறேன்?"

"நீ இன்னும் கத்தலையே."

"இப்பக் கத்துறேன்!" என்று கத்திவிட்டு, கொஞ்சம் அழுதும்விட்டு, பெட்டியைச் சூடு பண்ணினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஹால் நிறைந்திருந்தது. பெரியம்மாவை முன்னால் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தலைவர் வீட்டம்மா மைக்கில் கேட்டு முடிப்பதற்குள் மளிகைக்கடை அம்மா எழுந்து நின்றாள். அக்கா சாமித்துணியைப் பார்த்தாள். அது வழக்கம்போல இடமிருந்து வலமாகக் கசங்கித் தொங்கியது. 'ஐயோ, தாங்காதுடா சாமி,' என்று நினைத்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மளிகைக்கடை அம்மா திரும்பிப் பார்த்தாள். "நீ எப்படி நிக்கிற? போன மாசம்கூட பின்னறையில இருந்தியே?"

தலைவர் வீட்டம்மா மைக்கோடு அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். அந்த அம்மாவுக்கு மைக்கை அணைக்கிற வழக்கமே கிடையாது.

"எனக்கு நின்னு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு," என்றாள் அக்கா. "பொய் சொல்லிட்டுத்தான் அங்க போனேன். அங்க போனா கால் நீட்டலாம். சிரிக்கலாம். வாய் விட்டுப் பாடலாம். இங்க வந்தா வேலைதான் இருக்கு. சாமிகிட்ட அப்பவே சொல்லிட்டேன், உங்ககிட்டத்தான் சொல்லல. தப்புதான். என்ன பண்ணணுமோ பண்ணுங்க, ஆனா அந்தத் துணியை மட்டும் தேய்க்காம விடாதீங்க. என்னால பார்க்க முடியல."

தலைவர் தொண்டையைச் செருமினார். அப்போதுதான் கோயிலுக்குப் பின்னால் இருந்து ஒரு வெடிச்சிரிப்புக் கேட்டது. மைக்கில் பேசியதெல்லாம் பின்னறை ஸ்பீக்கரில் போயிருக்கிறது அல்லவா! சிரிப்பு சந்து வழியாக நகர்ந்து வந்து, ஹால் வாசலில் கண்டக்டரம்மாவாக நின்றது.

"எனக்கும் நின்னுபோச்சுங்க," என்றாள். "போன வருஷமே. இவளுக்குத் தெரிஞ்சா என்னை வெளிய அனுப்பிடுவாளேன்னு வாயைத் திறக்கல."

அக்கா வாயைப் பிளந்தாள். "அடிப்பாவி!"

அவளுக்குப் பின்னால் டீச்சரம்மாவின் தலை தெரிந்தது. பள்ளிக்கூடத்து முகத்தோடுதான் வந்தாள். "எனக்குக் கர்ப்பப்பையே எடுத்தாச்சு," என்றாள்.

இதுதான் வேடிக்கை. டீச்சரம்மாவுக்கு ஆபரேஷன் ஆனது ஊருக்கே தெரியும். ஹாலில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு பை ஆப்பிளோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள். டாக்டர் என்ன எடுத்தார், எப்படி எடுத்தார் என்பதுவரை விசாரித்தவர்கள். அப்புறம் மாதாமாதம் அவள் பின்னறைக்குப் போவதையும் பார்த்தவர்கள். இரண்டையும் சேர்த்து யோசிக்க ஒருத்திக்கும் தோன்றவில்லை. ஆப்பிளை நறுக்கிக் கொடுத்த இஸ்திரி அக்காவுக்கே தோன்றவில்லை! முதல் வரிசையில் ஒரு பாட்டி பொக்கை வாயோடு சிரிக்க ஆரம்பித்தார். அது பெண்கள் பக்கம் முழுக்கப் பரவியது. ஆண்கள் திருதிருவென்று விழித்தார்கள்.

"அப்ப உள்ள யாருதான் இருக்காங்க?" என்று தலைவர் பரிதாபமாகக் கேட்டார்.

வாசலுக்கு வெளியே, படிக்குக் கீழே இருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "நான் இருக்கேன் சார். எனக்கு நிஜமாவே நாள்."

கல்லூரியில் படிக்கிற பெண் அவள். பின்னறையில் எல்லாருக்கும் இளையவள் என்பதால் கடைக்குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்ததும் காதுவரை சிவந்துபோய்ச் சந்துக்குள் ஓடிவிட்டாள்.

மளிகைக்கடை அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "பொய் சொன்னவ கையில சாமித்துணியைக் கொடுக்கிறதா?" என்றாள். கேட்டதில் தப்பில்லை. எல்லாரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள். பெரியம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே பேசினார்.

"இவ கல்யாணமாகி வந்ததுல இருந்து பாத்துட்டு இருக்கேன். உங்க எல்லாருக்கும் சாமி தெரியும். இவ கண்ணுக்கு என் சுருக்கம்தான் தெரியும். வாராவாரம் முறைச்சுப் பாத்து என் மானத்தை வாங்குவா. இவளுக்கே கொடுங்க, நானும் நிம்மதியா கும்பிட்டுக்கிறேன்."

அப்படித்தான் முடிவானது. பொய்க்குத் தண்டனையாக மூன்று பேரும் வாராவாரம் ஹால் வேலையை முன்னின்று செய்ய வேண்டும் என்று தலைவர் சொன்னார். கண்டக்டரம்மா அக்காவை முறைத்த முறைப்பில் துணியே தீய்ந்திருக்கும். "நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு!" என்று காதைக் கடித்தாள். அக்காவுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. வீட்டுக்குப் போய்ப் புருஷனைக் கட்டிக்கொண்டு அழுதாள். கிரீஸ் கறையைக்கூடப் பார்க்கவில்லை.

மாதம் சுற்றி வந்தது. துணி துவைக்கிற வெள்ளிக்கிழமையும் வந்தது. அக்கா விடியும்போதே போய்ச் சாமித்துணியை அலசிக் கொடியில் போட்டாள். மத்தியானம் சைக்கிள்காரர் கேரியரில் மேஜையையும் இஸ்திரிப் பெட்டியையும் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். ஹாலில் மேஜையைப் போட்டு, கம்பளி விரித்து, சுவரில் இருந்த பிளக்கில் பெட்டியைச் சொருகினாள். டப் என்று ஒரு சத்தம். மின்விசிறி நின்றது, விளக்கு அணைந்தது.

எலக்ட்ரீஷியன் வந்து பியூஸைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அக்கா, இது பழைய ஒயரிங். உங்க பெட்டியைத் தாங்காது. தண்ணி மோட்டாருக்குத் தனி லைன் போட்டிருக்காங்க, அது ஒண்ணுதான் தாங்கும்."

"அது எங்க இருக்கு?"

"பின்னறையில."

தலைவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. நீளமான ஒயர் போட்டு ஹாலுக்கு இழுக்கலாமா என்று கேட்டார். ஒயர் உருகிவிடும் என்றார் எலக்ட்ரீஷியன். அக்கா வீட்டுக்கு எடுத்துப்போய்த் தேய்க்கலாமா என்று யாரோ கேட்டார்கள். துணி கோயில் வாசலைத் தாண்டக் கூடாதே! பின்னறை என்றாலாவது கோயில் மதிலுக்குள்ளேயே இருக்கிறது. தலைவர் கொஞ்சநேரம் மேலும் கீழும் நடந்தார். கடைசியில், "அந்த ரூமை நல்லாக் கழுவி விட்டுடுங்க. உள்ள யாரும் இல்லாமப் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

அறையைக் கழுவினார்கள். பாயை எடுத்தார்கள். அக்கா மேஜையைப் போட்டு, துணியைத் தோளில் சுமந்து வந்து விரித்தாள். இத்தனை வருஷம் எட்ட நின்று பார்த்த துணி. நல்ல பருத்தி, கனமான நெசவு, இறுகப் பிடித்தால் விறைப்பாக நிற்கும். தண்ணீர் தெளித்தாள். ஈர விரலைப் பெட்டியில் வைத்துச் சூடு பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது, துணி மேஜையைப்போல நாலு மடங்கு நீளம். மறுமுனையை யாராவது தூக்கிப் பிடிக்காவிட்டால் தரையில் புரளும்.

"கண்டக்டரம்மா!" என்று கூப்பிட்டாள்.

"ஹாலைத் துடைச்சிட்டு இருக்கேன்! எல்லாம் உன்னாலதான்!" என்று பதில் வந்தது. டீச்சரம்மா விளக்கு துடைத்த எண்ணெய்க் கையோடு இருந்தாள். மளிகைக்கடை அம்மா ஆண்களுக்குத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். யாராவது இருக்கிறார்களா என்று அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

செருப்பு விடுகிற இடத்தில், கூரை நிழல் பாதிதான் விழுகிற சுவரோரத்தில், கடைக்குட்டி நின்றுகொண்டிருந்தாள். மாதம் அவளுக்கும்தானே சுற்றி வந்திருக்கும். ஒரு கையில் புத்தகப் பை, இன்னொரு கையால் வயிற்றைப் பிடித்திருந்தாள்.

"ஏன்டி அங்க நிக்கிற?"

"உள்ள சாமித்துணி இருக்குல்லக்கா. என்னை வெளிய நிக்கச் சொன்னாங்க. பரவால்லக்கா, நீங்க தேய்ங்க."

அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கால் நீட்ட ஓர் இடம் இருக்கிறதே என்று தான் இரண்டு வருஷம் பொய் சொல்லி வந்து உட்கார்ந்த அறை. நிஜமாகவே வயிற்றுவலியோடு வந்த பெண்ணை அங்கிருந்தும் கிளப்பியாகிவிட்டது. யாருக்காக? எனக்காக, இந்தத் துணிக்காக! சந்தோஷத்தில் இத்தனை நாள் குதித்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியாத, ஆனால் நன்றாகச் சூடேறிய கோபம்.

"உள்ள வா," என்றாள்.

"ஐயோ, வேணாங்க்கா."

"வாடின்னா! இது நம்ம ரூமு. சாமித்துணிதான் இன்னைக்கு விருந்தாளியா வந்திருக்கு. விருந்தாளி வந்தா வீட்டு ஆளுங்களையா வெளிய நிறுத்துவாங்க?"

கடைக்குட்டி தயங்கித் தயங்கி வாசல்வரை வந்தாள். "யாராவது பாத்துட்டா?"

"பாக்கட்டும். கையைக் காட்டு."

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். கடையில் வேலைக்கு வருகிறவர்களின் கையைப் பார்ப்பது போல அக்கா புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். எண்ணெய் இல்லை, மை இல்லை, ஈரம் இல்லை. "சுத்தமான கை. இந்த முனையைப் பிடி. தரையில படக்கூடாது, இறுக்கி இழு."

கடைக்குட்டி கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாள். ஏதோ நடக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. ஒன்றும் நடக்கவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, இழுத்துப் பிடித்தாள். அக்கா பெட்டியை இறக்கினாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. இடது மூலையில் தொடங்கிய அந்தப் பழைய சுருக்கம், பெட்டி போகிற வழியெல்லாம் படிந்துகொண்டே போனது.

"அக்கா, போயிடுச்சுக்கா!" என்று கத்தினாள் கடைக்குட்டி.

"பின்ன? பேசாம இழு."

பாதி முடிந்திருக்கும். வாசலில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. தலைவர் நின்றிருந்தார். அவர் பார்வை துணியின் நீளத்தோடு நடந்து போய், மறுமுனையில் இருந்த கைகளில் நின்றது. கடைக்குட்டியின் பிடி தளர்ந்தது, துணி சரியத் தொடங்கியது.

"விட்டுடாத!" என்றாள் அக்கா. கடைக்குட்டி பிடித்துக்கொண்டாள்.

தலைவர் வாயைத் திறந்தார். "இந்தப் பொண்ணு..."

"நல்லாப் பிடிக்கிறா," என்றாள் அக்கா, பெட்டியைத் தூக்காமலேயே. "இவ இல்லாட்டித் துணி தரையில கிடந்திருக்கும். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. தெருவெல்லாம் நடந்த கால், கீழே தொங்குற துணியில படப்போகுது."

தலைவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். புழுதிதான். பிறகு ஒரு காலை எடுத்துப் பின்னால் வைத்தார், மறு காலையும் எடுத்து வைத்தார், வாசலுக்கு வெளியே போய்ச் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அங்கிருந்து கேட்டார்.

"ஆகும்," என்றாள் இஸ்திரி அக்கா. கடைக்குட்டி துணியை இன்னும் கொஞ்சம் இறுக்கி இழுத்தாள்.